இருபது கிலோ கல்லும் ஒரு துடைப்பமும்: கர்லிங் எப்படிப் பிறந்தது?

குளிர்கால ஒலிம்பிக் நடக்கும் நாட்களில் டிவியில் சேனல் மாற்றிக்கொண்டே போனால் ஓரிடத்தில் கை தானாக நின்றுவிடும். ஒருவர் ஒரு காலை மடக்கி, தரையோடு தரையாகத் தாழ்ந்து சறுக்கிக்கொண்டே வந்து, கைப்பிடி போட்ட ஒரு கல்லைப் பனிக்கட்டியின் மேல் மெதுவாக விடுவார். கல் நகரும். அதற்கு முன்னால் இரண்டு பேர் குனிந்து தரையைத் தேய் தேய் என்று தேய்த்துக்கொண்டே போவார்கள். ஏறக்குறைய 40 மீட்டருக்கு அப்பால் நிற்கும் இன்னொருவர் தொண்டை கிழியக் கத்துவார். கடைசி நேரத்தில் கல் லேசாக வளைந்து, வழியை மறித்து நிற்கும் வேறொரு கல்லைச் சுற்றிக்கொண்டு போய் அதன் பின்னால் பதுங்கி நின்றுவிடும்.

இதுதான் கர்லிங். என்னை முதலில் கட்டிப்போட்டது அந்த வளைவுதான். கையை விட்டுப் போன கல் எப்படித் திரும்புகிறது? ஏன் தேய்க்கிறார்கள்? இப்படியொரு ஆட்டம் யாருக்குத் தோன்றியது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் ஆட்டத்தைப் புரிந்துகொண்டால் அதன் வரலாறு எளிதாகப் பிடிபடும். ஆடுகளம் சுமார் 45 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம் கொண்ட ஒரு நீண்ட பனிப்பட்டை. அதன் இரண்டு முனைகளிலும் ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள் வரைந்திருப்பார்கள். வெளிவட்டத்தின் குறுக்களவு 12 அடி. இந்த வட்டத் தொகுதிக்குப் பெயர் ‘வீடு’. நட்டநடுவில் இருப்பது ‘பட்டன்’. அணிக்கு 4 பேர், ஆளுக்கு 2 கல். இரண்டு அணிகளும் மாறி மாறி விட்டு 16 கற்களும் முடிந்தால் அது ஒரு ‘எண்ட்’. அப்புறம் எதிர்ப்பக்கத்து வீட்டை நோக்கி அடுத்த எண்ட் தொடங்கும். ஒலிம்பிக் ஆட்டத்தில் இப்படி 10 எண்ட்.

புள்ளிக் கணக்கில்தான் புதியவர்கள் குழம்புவார்கள். ஒரு எண்டில் ஒரே அணிக்குத்தான் புள்ளி கிடைக்கும். பட்டனுக்கு மிக அருகில் சிவப்புக் கல் இருக்கிறது, அதற்கடுத்து இன்னொரு சிவப்பு, மூன்றாவதாக ஒரு மஞ்சள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு அணிக்கு 2 புள்ளி. மஞ்சளுக்கு ஒன்றுமே இல்லை, அதன் கல் வீட்டுக்குள்ளேயே இருந்தாலும். மஞ்சளுக்குப் பின்னால் நிற்கும் மற்ற சிவப்புக் கற்களும் கணக்கில் சேராது. அதனால் எண்டின் கடைசிக் கல் யாருடையது என்பது பெரிய விஷயம். அந்த உரிமைக்கு ‘ஹேமர்’, அதாவது சுத்தியல், என்று பெயர். ஒரு எண்டில் புள்ளி எடுத்த அணி, அடுத்த எண்டில் சுத்தியலை எதிரணிக்குக் கொடுத்துவிட வேண்டும். யாருமே எடுக்கவில்லை என்றால் அது முன்பு வைத்திருந்தவரிடமே இருக்கும். ஒரு புள்ளிதான் கிடைக்கும் என்று தெரிந்தால், கடைசிக் கல்லை வேண்டுமென்றே வீட்டைத் தாண்டிப் போகவிட்டு, சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த எண்டில் 2 எடுக்கப் பார்ப்பார்கள். கேரம் ஆடியவர்களுக்கு இந்தக் கணக்கு சட்டென்று பிடிபடும்: எதிராளியின் காயைத் தள்ளுவதா, நம் காயைப் பாதுகாப்பாக ஒதுக்கி வைப்பதா என்று அங்கே யோசிப்பதுதான் இங்கேயும்.

சரி, வளைவுக்கு வருவோம். கல்லைக் கையை விட்டு விடும்போது கைப்பிடியை லேசாகத் திருகி விடுவார்கள். கல் போகும் தூரம் முழுக்க இரண்டு மூன்று சுற்றுதான் மெதுவாகச் சுழலும். கடிகார முள் சுற்றும் திசையில் சுழன்றால் கல் வலப்பக்கம் வளையும். எதிர்த்திசை என்றால் இடப்பக்கம். இதில் வியப்பு எங்கே இருக்கிறது என்று பார்க்க வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஒரு கண்ணாடி டம்ளரை வழவழப்பான மேசைமேல் கவிழ்த்து, கடிகாரத் திசையில் சுழற்றி முன்னால் தள்ளிவிடுங்கள். அது இடப்பக்கம் வளையும், கர்லிங் கல்லுக்கு நேர் எதிராக! டம்ளர் வேகம் குறையும்போது அதன் முன்விளிம்பு மேசையை அதிகம் அழுத்துகிறது, அங்கே உராய்வு கூடுகிறது, அதனால் அப்படித் திரும்புகிறது. பனிக்கட்டியில் கல் ஏன் மாற்றித் திரும்புகிறது என்பதில் இயற்பியலாளர்கள் இன்னும் ஒரே முடிவுக்கு வரவில்லை. முன்பக்கம் பனி லேசாக இளகி வழுக்குவதால் அங்கே உராய்வு குறைகிறது என்கிறது ஒரு தரப்பு. கல்லின் முன்பகுதி பனியில் போடும் நுண்ணிய கீறல்களே பின்பகுதியைப் பக்கவாட்டில் இழுத்துச் செல்கின்றன என்கிறது இன்னொரு தரப்பு. 500 ஆண்டுகளாக மனிதர்கள் கையாண்டு வரும் ஒரு அசைவு இன்னும் ஆய்வில் இருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

ஆம், 500 ஆண்டுகள். ஸ்காட்லாந்தின் டன்பிளேன் என்ற ஊரில் ஒரு பழைய குளத்தின் நீரை வடித்தபோது, 1511 என்று ஆண்டு பொறித்த ஒரு கல் கிடைத்தது. அது இன்று ஸ்டெர்லிங் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எழுத்தில் கிடைக்கும் முதல் சான்று 1541 பிப்ரவரியைச் சேர்ந்தது. கிளாஸ்கோவுக்கு அருகில் உள்ள பெய்ஸ்லி மடத்தில் ஜான் மக்வின் என்ற பத்திர எழுத்தர் அதைத் தன் பதிவேட்டில் லத்தீனில் குறித்து வைத்தார். மடத்துத் துறவி ஜான் ஸ்கிளேட்டர் உறைந்த நீருக்குப் போய், பனிக்கட்டியின் மேல் மூன்று முறை கல்லை வீசிவிட்டு, மடாதிபதியின் உறவினரான கேவின் ஹாமில்டனோடு போட்டிக்குத் தான் தயார் என்று அறிவித்தாராம். நிலம், கடன், சாட்சி என்று எழுத வேண்டிய ஏட்டில் ஒரு விளையாட்டுச் சவாலும் இடம்பெற்றிருக்கிறது என்றால், அன்றைக்கே இதை எவ்வளவு மெய்யாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் பாருங்கள்.

இந்த ஆட்டம் ஸ்காட்லாந்தில்தான் பிறந்ததா என்ற வாதமும் உண்டு. ஃபிளாண்டர்ஸ் பகுதியின் ஓவியர் பீட்டர் ப்ரூகல் 1565இல் வரைந்த குளிர்கால ஓவியங்களில், உறைந்த நீரில் கிராமத்து மக்கள் ஏதோ ஒரு கனமான பொருளைத் தள்ளி விளையாடுகிறார்கள். குளிர் நாட்டில் வழுக்கும் தரை கிடைத்தால் எவரும் எதையாவது தள்ளிப் பார்க்கத்தான் செய்வார்கள். ஆனால் கல், பதிவேடு, சங்கம், சட்டதிட்டம் எல்லாம் வரிசையாகக் கிடைப்பது ஸ்காட்லாந்தில். அதனால் அதைத் தாய்வீடு என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. பெயரும் அந்த மண்ணின் பேச்சில் இருந்து வந்ததுதான். கல் வளைவதால் ‘கர்லிங்’ என்பார்கள் சிலர். உறைந்த ஏரியின் மேல் கல் போகும்போது எழும் ஆழ்ந்த உறுமலைக் குறிக்கும் ஸ்காட்ஸ் சொல்தான் வேர் என்பார்கள் வேறு சிலர். ‘உறுமும் ஆட்டம்’ என்ற செல்லப்பெயர் இன்றும் இதற்கு உண்டு.

தொடக்கத்தில் கல் என்றால் ஆற்றில் கிடைத்த கல்தான். கையில் பிடிக்க விரல் நுழையும் பள்ளங்களைக் குடைந்துகொண்டார்கள். ஸ்காட்ஸ் மொழியில் ‘லூஃப்’ என்றால் உள்ளங்கை. அதனால் அந்தக் கல்லுக்கு ‘லூஃபி’ என்று பெயர். பிறகு இரும்புக் கைப்பிடி வந்தது. கைப்பிடி வந்ததும் கல் கனக்கத் தொடங்கியது, ஏனென்றால் கனமான கல்லை எதிராளியால் எளிதில் தள்ள முடியாது. ‘ஜூபிலி கல்’ என்று ஒன்று பாதுகாக்கப்படுகிறது, அதன் எடை 117 பவுண்டு, சுமார் 53 கிலோ. இரண்டு அரிசி மூட்டையின் கனத்தைக் குறிபார்த்துத் தள்ள வேண்டும்! டார்வெல் என்ற நெசவாளர் ஊரில், தறியில் பாவு தொய்யாமல் இருக்கத் தொங்கவிடும் கற்களையே எடுத்து, கழற்றி மாட்டும் கைப்பிடி பொருத்தி ஆடினார்கள். ஒருவருடைய கல் முக்கோணம், இன்னொருவருடையது முட்டை வடிவம். யாருடைய கல் எந்தப் பக்கம் போகும் என்பது அவரவருக்கே தெரிந்தால் உண்டு.

இந்த நிலையில் திறமையை எப்படி அளப்பது? அதற்குக் கல் ஒரே மாதிரி இருக்க வேண்டும், சட்டமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். கில்சித் என்ற ஊர்க்காரர்கள் தங்கள் சங்கம் 1716இல் அமைந்தது, உலகின் முதல் கர்லிங் சங்கம் அதுதான் என்கிறார்கள். எடின்பரோவின் டடிங்ஸ்டன் சங்கம் 1804இல் ஆட்டவிதிகளை எழுதி வைத்தது. அந்தச் சங்கம் ஏரிக்கரையில் 1825இல் எண்கோண வடிவில் ஒரு சிறு கோபுரம் கட்டியது. கீழ்த்தளத்தில் கற்களை அடுக்கி வைத்துக்கொண்டார்கள், மேல்தளத்தை ஊர்ப் பாதிரியார் ஓவியம் தீட்டும் அறையாக வைத்துக்கொண்டார். அந்தக் கோபுரம் இன்னும் நிற்கிறது.

1838 ஜூலை 25 அன்று ஊர்ச்சங்கங்கள் எடின்பரோவில் ஒன்றுகூடி ‘கிராண்ட் கலிடோனியன் கர்லிங் சங்கம்’ என்ற பொது அமைப்பைத் தொடங்கின. அதன் முதல் தலைவர் லார்க்ஸ் ஊரைச் சேர்ந்த ஜான் கேர்னி. கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் மருத்துவராக இருந்தவர், வெடிமருந்து விபத்தில் ஒரு கையை இழந்தவர். ஒற்றைக் கையோடு ஆடியவர், தன் வீட்டுக்கே கர்லிங் பெயரைத்தான் வைத்திருந்தார். இந்த வரலாற்றில் எனக்கு மிக நெருக்கமான மனிதர் இவர், காரணம் இருக்கிறது. ஏரி ஆடும் அளவுக்கு உறைய பல நாள் கடுங்குளிர் வேண்டும். கேர்னி அதற்குக் காத்திருக்கவில்லை. 1820களின் கடைசியில் தன் இடத்தில் தரையைச் சமப்படுத்தி, மேலே மெல்லிய ஏடாக மட்டும் நீரை ஊற்றினார். ஓரிரவுப் பனியிலேயே அது உறைந்துவிடும். வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஆட்டத்தை மனிதன் கைக்குக் கொண்டுவருவதில் அது ஒரு பெரிய அடி.

1842இல் விக்டோரியா அரசி ஸ்காட்லாந்து வந்தபோது, ஸ்கூன் அரண்மனையில் பனியே இல்லாமல், மெருகேற்றிய மரத்தரையில் கல்லைத் தள்ளிக் காட்டினார்கள். அரசியும் தள்ளிப் பார்த்தார். மறு ஆண்டே சங்கத்தின் பெயரோடு ‘ராயல்’ சேர்ந்தது.

அந்த நூற்றாண்டின் பெருவிழா ‘கிராண்ட் மேட்ச்’. ஸ்காட்லாந்தின் வடக்குக்கும் தெற்குக்கும் நடுவே உறைந்த ஏரியில் நடக்கும் போட்டி. முதலாவது 1847இல் பெனிக்குவிக்கில் நடந்தது. பிறகு கார்ஸ்பிரெக் என்ற இடத்தில் சங்கம் தனக்கென்று ஒரு குளமே வைத்துக்கொண்டது, 1853 முதல் 1935 வரை அங்கே 25 முறை ஆடினார்கள். ஆட்ட நாளுக்காகவே அங்கு ஒரு ரயில் நிறுத்தமும் இருந்தது. பனி கெட்டிப்பட்டது என்ற செய்தி கிளம்பியதும் பண்ணை முதலாளியும் அவரிடம் வேலை செய்பவரும் ஒரே ரயிலில் கல்லும் துடைப்பமுமாக ஏறுவார்கள்.

துடைப்பம் எதற்கு? ஏரியில் ஆடும்போது மேலிருந்து பனி கொட்டிக்கொண்டே இருக்கும், கல்லுக்கு வழிவிட அதைக் கூட்டித் தள்ளத்தான் வேண்டும். கூட்டிக் கூட்டி ஒன்றைக் கண்டுகொண்டார்கள்: கல்லுக்கு முன்னால் வேகமாகத் தேய்த்தால் அது இன்னும் சில மீட்டர் கூடப் போகிறது, வளைவும் குறைகிறது. தேய்ப்பதால் பனிக்கட்டியின் மேற்பரப்பு கொஞ்சம் சூடாகிறது, உராய்வு குறைகிறது. கூரைக்கு அடியில் ஆட வந்த பிறகு கூட்டுவதற்குப் பனியே இல்லை, ஆனாலும் தேய்ப்பது நிலைத்துவிட்டது. நிலைத்ததோடு ஆட்டத்தின் பாதியாகவும் ஆகிவிட்டது. வீட்டருகே நிற்கும் தலைவருக்கு ‘ஸ்கிப்’ என்று பெயர், அவர் கத்துவது தேய்ப்பவர்களிடம்தான். கல்லை விட்டவர் வேகத்தில் சற்றே குறைத்துவிட்டால் அதைச் சரிசெய்ய அவர்களுக்குக் கிடைப்பது இருபது முப்பது விநாடிதான்.

கடலைத் தாண்டிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஸ்காட்லாந்திலிருந்து போனவர்கள் 1807இல் மான்ட்ரியலில் சங்கம் தொடங்கினார்கள். கனடாவில் குளிருக்குப் பஞ்சமே இல்லை, தக்க கல்லுக்குத்தான் பஞ்சம். கியூபெக் பக்கம் இரும்பில் ‘கல்’ வார்த்து இருபதாம் நூற்றாண்டிலும் வெகுகாலம் ஆடினார்கள். குளிர் அளவு மீறிப் போனதால் ஆட்டத்தைக் கொட்டகைக்குள் கொண்டுவந்தார்கள். கோதுமை விளையும் சமவெளி ஊர்களில் குளிர்காலத்தில் வயல்வேலை இல்லாத மக்கள் கூடும் இடமாகக் கர்லிங் கொட்டகை மாறியது. 1927இல் ‘பிரையர்’ என்ற தேசியப் போட்டி தொடங்கியது. 1959இல் ஸ்காட்லாந்துக்கும் கனடாவுக்கும் நடுவே உலகப் போட்டி போல ஒன்று முதன்முதலாக நடந்தபோது, சஸ்காச்சுவானின் எர்னி ரிச்சர்ட்சன் அணி தாய்வீட்டுக்கே போய் வென்றது.

இதற்குள் கல் ஒரு முடிவான வடிவத்துக்கு வந்துவிட்டது. இன்றைய விதிப்படி எடை அதிகபட்சம் 44 பவுண்டு, அதாவது 19.96 கிலோ. சுற்றளவு 91.4 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. பார்ப்பதற்குத் திருகையின் மேல்கல் போல இருக்கும். கவிழ்த்துப் பார்த்தால்தான் விஷயம் தெரியும்: அடிப்பக்கம் உள்வாங்கிக் குழிவாக இருக்கும், ஒரு சென்டிமீட்டர்கூட அகலமில்லாத ஒரு வளையம் மட்டும்தான் பனியைத் தொடும். இந்தக் கல்லுக்கான பாறைக்குப் பேர்பெற்றது ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் இருக்கும் ஏய்ல்சா கிரெய்க் என்ற தீவு. 338 மீட்டர் உயரத்துக்குக் கடலிலிருந்து எழும் பழைய எரிமலையின் மிச்சம் அது. மனிதர் குடியிருப்பு இல்லை, கடற்பறவைகள்தான் குடியிருக்கின்றன. அங்குள்ள ‘புளூ ஹோன்’ என்ற கருங்கல் வகை நீரை உறிஞ்சுவதே இல்லை என்று சொல்லுமளவுக்கு நெருக்கமானது. சாதாரணக் கல்லின் நுண்துளையில் நீர் புகுந்து உறைந்தால் அது விரிந்து கல்லைச் சிதைத்துவிடும், புளூ ஹோனுக்கு அந்தக் கவலை இல்லை. அதனால் பனியைத் தொடும் பகுதியை அதில் செய்கிறார்கள். மோதலைத் தாங்கும் உடம்புக்கு அதே தீவின் இன்னொரு வகைக் கல். மாக்லின் ஊரில் இருக்கும் கேஸ் நிறுவனம் 1851இலிருந்து இந்தக் கற்களைச் செய்துவருகிறது. தீவில் இப்போது வெடிவைத்துப் பாறை உடைப்பதில்லை, பறவைகள் இல்லாத பருவத்தில் உடைந்து கிடக்கும் பாறைகளை மட்டும் எடுத்துவருகிறார்கள். 2013இல் அப்படி எடுத்து வந்தது ஏறக்குறைய 2000 டன்.

கல்லை இவ்வளவு பார்த்துச் செய்தாலும், பனித்தளம் கண்ணாடி போல வழவழவென்று இருந்தால் அது போகாது! இருபது கிலோவும் பனியோடு ஒட்டிக்கொண்டு பாதியிலேயே நின்றுவிடும். அதனால் ஆட்டத்துக்கு முன் தளப் பராமரிப்பாளர் முதுகில் நீர்த்தொட்டியைக் கட்டிக்கொண்டு, பின்னோக்கி நடந்துகொண்டே, பூவாளி போன்ற முனையை இடமும் வலமுமாக வீசி வெந்நீர்த் துளிகளைத் தெளித்துப் போவார். துளிகள் விழுந்த இடத்திலேயே உறைந்து குட்டிக் குட்டிப் பருக்களாக நிற்கும். இதற்கு ‘பெபிள்’ என்று பெயர். பருக்களின் தலையை ஒரு கத்தியால் லேசாகச் சீவிச் சமப்படுத்துவார்கள். கல் அந்த நுனிகளின் மேல்தான் மிதப்பது போலப் போகிறது. ஆட்டம் போகப்போகப் பருக்கள் தேயும், தளத்தின் வேகமும் வளைவும் மாறும். முதல் எண்டில் சரியாக இருந்த கணக்கு எட்டாவது எண்டில் பொய்த்துப்போகும். நல்ல ஸ்கிப் என்பவர் இதைப் படிக்கத் தெரிந்தவர்.

ஒலிம்பிக்கில் கர்லிங்கின் வழி நேராக அமையவில்லை. 1924இல் பிரான்சின் ஷமோனியில் நடந்த முதல் குளிர்கால ஒலிம்பிக்கிலேயே கர்லிங் இருந்தது, பிரிட்டன் வென்றது. ஆனால் அது வெறும் காட்சி ஆட்டம் என்ற எண்ணம் பரவிவிட்டதால் அந்த வெற்றியாளர்களின் பெயர் பதக்கப் பட்டியலில் சேராமல் கிடந்தது. 2006இல்தான் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி அதை முறையான பதக்கமாக உறுதிசெய்தது, 82 ஆண்டு கழித்து. நடுவே 1932, 1988, 1992இல் காட்சி ஆட்டம். 1998இல் நாகானோவில் நிரந்தர இடம். 2018இல் ஓர் ஆண், ஒரு பெண் சேர்ந்து ஆடும் கலப்பு இரட்டையரும் வந்தது. அதே ஆண்டு தென் கொரியாவில், பூண்டுக்குப் பேர்போன உய்சோங் வட்டாரத்துப் பெண்கள் வெள்ளி வென்றார்கள். அணியில் எல்லோர் குடும்பப் பெயரும் கிம். நாடே அவர்களைப் ‘பூண்டுப் பெண்கள்’ என்று கொண்டாடியது.

விதிகள் இன்னும் நகர்ந்துகொண்டுதான் இருக்கின்றன. ஒரு காலத்தில் கை தேர்ந்த அணிகள் முன்னிலை பெற்றதும், எதிரணி வீட்டுக்கு முன்னால் மறைப்பாக வைக்கும் காவல் கல் ஒவ்வொன்றையும் அடித்து வெளியேற்றிவிட்டு ஆட்டத்தை உறைய வைத்துவிடும். பார்ப்பவர்களுக்கு அலுப்பு. 1990இல் கனடாவின் மங்டன் நகரப் போட்டியில் ஒரு புது விதியைச் சோதித்தார்கள்: எண்டின் முதல் சில கற்கள் முடியும்வரை எதிரணியின் காவல் கல்லை ஆட்டத்திலிருந்து வெளியேற்றக் கூடாது. ஆட்டத்துக்கு உயிர் வந்தது. இப்போது எண்டின் முதல் ஐந்து கற்களுக்கு அந்தப் பாதுகாப்பு. துடைப்பத்திலும் ஒரு பெரிய சர்ச்சை வந்தது. 2015இல் புதுவகைத் துணி பொருத்திய துடைப்பங்களால் கல்லை ஏறக்குறைய வேண்டிய பக்கம் ஓட்டிக்கொண்டு போக முடிந்தது. அப்படியானால் கல்லை விடுபவரின் கைத்திறமைக்கு என்ன மதிப்பு என்று ஆட்டக்காரர்களே எதிர்த்தார்கள். 2016இல் சோதனைகள் நடத்தி, அங்கீகரித்த துணியைத்தான் பயன்படுத்தலாம் என்று உலகக் கர்லிங் கூட்டமைப்பு முடிவுசெய்தது. சரியான முடிவு என்றே நான் நினைக்கிறேன். இந்த ஆட்டத்தில் தேய்ப்பவரின் துடைப்பம் தவறிக் கல்லில் பட்டால் அவரே கையைத் தூக்கிச் சொல்லிவிடுவார், நடுவர் கேட்கும்வரை காத்திருக்க மாட்டார். தோற்பது உறுதி என்று தெரிந்தால் எண்டுகள் மிச்சம் இருக்கும்போதே கைகுலுக்கிவிடுவார்கள். அந்தப் பண்பில் வளர்ந்தவர்கள் துணியால் கிடைக்கும் வெற்றியை ஏற்காததில் வியப்பில்லை.

ஸ்காட்லாந்தின் கிராண்ட் மேட்ச் கடைசியாக நடந்தது 1979 பிப்ரவரியில், மென்டீத் ஏரியில். 2010 குளிர்காலத்தில் ஏரி உறைந்தபோது மறுபடியும் நடத்தப் பார்த்தார்கள், பாதுகாப்புக் காரணங்களால் கைவிட வேண்டியதாயிற்று. ஏரியை நம்பியிருந்த ஆட்டம் இப்போது ஏறக்குறைய முழுக்கக் குளிரூட்டிய அரங்குகளில்தான் நடக்கிறது. 2025 பிப்ரவரியில் சீனாவின் ஹார்பினில் நடந்த ஆசியக் குளிர்கால விளையாட்டில் ஆண்கள் கர்லிங் தங்கத்தை வென்ற நாடு பிலிப்பைன்ஸ். ஏரி உறையாத நாடு. வீரர்களில் பெரும்பாலோர் சுவிட்சர்லாந்தில் வளர்ந்த பிலிப்பினோ வழிவந்தவர்கள். இறுதி ஆட்டத்தில் தென் கொரியாவை வீழ்த்தி அவர்கள் எடுத்த அந்தத் தங்கம், ஆசியக் குளிர்கால விளையாட்டில் பிலிப்பைன்ஸுக்குக் கிடைத்த முதல் பதக்கமே.